வராத இதழுக்கும் ஒரு வரி: கோஹாவில் சந்தா இதழ்களைப் பராமரிப்பது

கேள்வி இதுதான். ஒரு சிறு கல்வி நிறுவன நூலகம். நூல்களையெல்லாம் கோஹா என்ற நூலக மென்பொருளில் ஏற்றி முடித்துவிட்டார்கள். சுமார் 60 பருவ இதழ்களுக்குச் சந்தா கட்டுகிறார்கள். இதழ் வந்ததும் அதையும் ஒரு நூல் போலவே தனிப்பதிவாக ஏற்றுகிறார்கள். இரண்டு ஆண்டு கழித்துத் தேடினால் ஒரே இதழின் பெயர் பக்கம் பக்கமாக வந்து நிற்கிறது. எது வரவில்லை, எந்தச் சந்தா எப்போது முடிகிறது என்று கேட்டால் மென்பொருளில் பதில் இல்லை. அதற்காக ஒரு நோட்டும் ஒரு எக்செல் தாளும் தனியாக ஓடுகின்றன. இதை எப்படிச் சரிசெய்வது?

சரிசெய்யலாம். மென்பொருள் கையில் இருக்கிறது, அதில் சீரியல்ஸ் என்ற பகுதியும் இருக்கிறது. அதை இன்னும் திறக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் திறப்பதற்கு முன் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் படிவத்தில் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு அர்த்தம் புரியாது.

நூல் வாங்கும்போது பொருள் வருகிறது, பணம் கொடுக்கிறோம், கணக்கு முடிகிறது. சந்தாவில் பணம் முதலில் போய்விடுகிறது. பன்னிரண்டு இதழுக்கு இன்று பணம் கட்டினால், இன்று கையில் ஒன்றுமில்லை. வரவேண்டிய பன்னிரண்டு இதழ்தான் நீங்கள் வாங்கியது. ஆகவே சந்தா நிர்வாகத்தின் முதல் வேலை, வரவேண்டியதை எழுதி வைப்பது. வந்ததை மட்டும் பதிந்துகொண்டு போனால், வராமல் போன இதழுக்கு எங்கும் ஒரு வரிகூட இருக்காது. யாராவது ஒரு வாசகர் வந்து கேட்கும் வரை அது வரவில்லை என்பதே தெரியாது.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன், வந்த இதழ்களை மட்டும் ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தோம். ஆண்டு முடிந்து பைண்டிங்குக்கு அடுக்கியபோதுதான் ஒரு காலாண்டிதழில் மூன்றாம் எண்ணைக் காணோம். சந்தாவை வாங்கித் தரும் முகவருக்கு எழுதினோம். பதிப்பாளர் குறிப்பிட்ட காலத்துக்குள் கேட்டால்தான் மாற்றுப்படி தருவாராம், அந்தக் காலம் கடந்துவிட்டது. இன்றும் அந்தக் கட்டு மூன்று எண்களோடுதான் அடுக்கில் நிற்கிறது. பணம் நான்குக்கும் கட்டியிருந்தோம்.

இந்தச் சிக்கல் கணினிக்கு முன்பே தெரிந்ததுதான். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் பருவ இதழ்களுக்காக மூன்று அட்டை முறை ஒன்றை வகுத்தார். பதிவு அட்டையில் சந்தா, பணம், வந்த இதழ்கள் எல்லாம் இருக்கும். சரிபார்ப்பு அட்டை, இதழ் எந்த வாரம் வரவேண்டுமோ அந்த வாரத்தின் இடத்தில் காத்திருக்கும்; வாரம் கடந்தும் அங்கேயே இருந்தால் இதழ் வரவில்லை என்று பொருள். மூன்றாவது, நூலகத்தில் எந்தத் தொகுதிகள் இருக்கின்றன என்று காட்டும் வகைப்பாட்டு அட்டை. கோஹாவின் சீரியல்ஸ் பகுதியைப் பார்க்கும்போது இந்த மூன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். சந்தாப் பதிவு, எதிர்பார்ப்பு வரிசை, கைவசப் பட்டியல். அதே மூன்றுதான்.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் நூற்பதிவு. ஓர் இதழுக்கு ஒரே பதிவுதான். இருபது ஆண்டு வந்தாலும், ஆயிரம் எண் வந்தாலும், பெயர் மாறாத வரை ஒரே பதிவு. அந்தப் பதிவு தொடர் வெளியீடு என்று மென்பொருளுக்குத் தெரிய வேண்டும். நூலகப் பதிவின் விவரங்களை எண்ணிட்ட புலங்களில் எழுதும் மார்க் 21 அமைப்பில், பதிவின் தலைப்பகுதியான லீடரின் 07ஆம் இடத்தில் 'எஸ்' என்ற குறி இருக்க வேண்டும். நூலுக்குரிய 'எம்' குறியோடு ஏற்றிவிட்டால் தேடலில் அது நூலாகவே தெரியும். 022 புலத்தில் ஐஎஸ்எஸ்என் என்ற இதழின் அடையாள எண், 310இல் இப்போதைய வெளியீட்டு இடைவெளி, 321இல் முன்பு இருந்த இடைவெளி, 362இல் இதழ் தொடங்கிய எண்ணும் காலமும். தலைப்புப் புலத்தில் 'மலர் 12, இதழ் 3' என்று எதையும் எழுதாதீர்கள். உங்கள் பழைய பதிவுகளில் எல்லாக் குழப்பமும் அந்த ஒரு புலத்திலிருந்துதான் தொடங்கியிருக்கும்.

ஐஎஸ்எஸ்என் எண்ணைத் தட்டும்போது கவனம் வேண்டும். எட்டு இடங்களில் கடைசி இடம் சரிபார்ப்பு இலக்கம். முதல் ஏழு இலக்கங்களை முறையே 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழித்தால் அது வர வேண்டும். 0378-5955 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டல் 160, மீதி 6, கழித்தால் 5. சரியாக இருக்கிறது. பத்து வந்தால் அந்த இடத்தில் எக்ஸ் எழுதுவார்கள், மீதியே இல்லாவிட்டால் சுழியம். அச்சு வடிவத்துக்கும் இணைய வடிவத்துக்கும் தனித்தனி ஐஎஸ்எஸ்என் உண்டு. உங்களிடம் வருவது அச்சு என்றால் அச்சின் எண்ணையே போடுங்கள், மற்றதை 776 புலத்தில் சுட்டலாம். இன்னொன்று: இதழ் அட்டையில் 977 என்று தொடங்கும் பார்கோடு இருந்தால், அதற்கு அடுத்த ஏழு இலக்கங்கள் ஐஎஸ்எஸ்என்னின் முதல் ஏழுதான். அட்டையில் வேறெங்கும் எண் கிடைக்காதபோது அது கைகொடுக்கும்.

அடுத்தது சந்தாப் பதிவு. நூற்பதிவைத் திறந்து அதிலிருந்தே புதிய சந்தா தொடங்கலாம். இங்கே முகவர் யார், எந்தக் கிளை, அடுக்கு எண் என்ன என்று கேட்கும். பெரும்பாலானவை நேரடியானவை. மூன்று கேள்விகளில் மட்டும் நின்று யோசியுங்கள்.

ஒன்று, இதழ் வந்ததும் உருப்படி உருவாக்கலாமா என்பது. உருப்படி என்றால் பார்கோடு ஒட்டி, இரவல் கொடுக்கக்கூடிய படி. என் கருத்து: இரவல் போகும் இதழுக்கும், பின்னால் பைண்ட் செய்து காப்பாற்றப்போகும் ஆய்விதழுக்கும் உருவாக்குங்கள். ஒரு வாரம் மேசையில் கிடந்து பழைய தாளாகிப்போகும் நாளிதழுக்கும் பொழுதுபோக்கு வார இதழுக்கும் வேண்டாம். அவற்றுக்கு வந்ததா இல்லையா என்ற பதிவு போதும். எல்லாவற்றுக்கும் பார்கோடு ஒட்டத் தொடங்கினால் மூன்றாவது மாதம் கை ஓய்ந்துவிடும், அப்புறம் எதையும் பதியாமல் விட்டுவிடுவோம்.

இரண்டாவது, இதழ் ஒழுங்கு தவறினால் எண் என்னாகும் என்பது. ஜூலை மாதம் இதழ் வெளிவராது என்று வையுங்கள். ஜூனில் எண் 6 வந்தது. ஆகஸ்டில் வருவது 7ஆ, 8ஆ? சில இதழ்கள் எண்ணைத் தாண்டிப்போகும், சில அடுத்த எண்ணையே கொடுக்கும். கையில் இருக்கும் பழைய இதழ்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, சலுகை நாட்கள். எதிர்பார்த்த தேதி கடந்து எத்தனை நாள் பொறுத்து 'தாமதம்' என்று சொல்ல வேண்டும் என்பதுதான் இது. இதைச் சுழியத்தில் விட்டால் தினமும் பாதி இதழ்கள் தாமதப் பட்டியலில் நிற்கும், பட்டியலை யாரும் நம்ப மாட்டார்கள். நிறைய வைத்தால் கேட்க வேண்டிய காலம் போய்விடும். வார இதழுக்கு ஒரு வாரம், மாத இதழுக்கு மூன்று வாரம், கடல் கடந்து வரும் காலாண்டிதழுக்கு ஒன்றரை மாதம் என்று நான் வைப்பது வழக்கம்.

இப்போது இரண்டாம் பக்கம். எல்லாரும் தடுமாறுவது இங்கேதான், ஆகவே இதில் கொஞ்சம் நேரம் செலவிடுகிறேன்.

இடைவெளியைத் தேர்ந்தெடுக்கும்போது 'மாதமிருமுறை' என்பதையும் 'இரு வாரத்துக்கு ஒருமுறை' என்பதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது ஆண்டுக்கு 24 இதழ், இரண்டாவது 26. தவறாகத் தேர்ந்தால் மென்பொருள் ஆண்டு முடிவதற்குள் இல்லாத இரண்டு இதழைத் தேடச் சொல்லும். மார்க்கின் 008 புலத்தில் 18ஆம் இடத்திலும் இவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு: மாதமிருமுறைக்கு 'எஸ்', இரு வாரத்துக்கு ஒருமுறைக்கு 'இ', இரு மாதத்துக்கு ஒருமுறைக்கு 'பி'. கோஹாவில் தயாராக இருக்கும் இடைவெளிகளில் உங்களுடையது இல்லையென்றால் புதிதாக ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது எண்ணமைப்பு. கோஹா எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று எண்ணிகளைத் தருகிறது. இதழில் எப்படி அச்சிட்டிருக்கிறதோ அப்படியே வாசகத்தை எழுதலாம். தமிழ் இதழ்களில் 'மலர், இதழ்' என்று போட்டிருந்தால் 'மலர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எக்ஸ், 'இதழ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒய். 'தொகுதி, எண்' என்றால் அப்படி. ஒவ்வோர் எண்ணிக்கும் சில விவரங்கள் வேண்டும்: எவ்வளவு கூட்ட வேண்டும், எத்தனை இதழுக்கு ஒருமுறை கூட்ட வேண்டும், எதைத் தாண்டினால் எதற்குத் திரும்ப வேண்டும்.

மாத இதழ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மலர் ஒவ்வொரு ஜூலையிலும் புதிதாகத் தொடங்குகிறது. உங்கள் சந்தா ஜனவரியில் தொடங்குகிறது. கையில் வரும் முதல் இதழ் 'மலர் 12, இதழ் 7'. ஒய் எண்ணி 7இல் தொடங்கும், ஒவ்வோர் இதழுக்கும் 1 கூடும், 12ஐத் தாண்டினால் 1க்குத் திரும்பும். எக்ஸ் எண்ணி 12இல் தொடங்கும், 12 இதழுக்கு ஒருமுறை 1 கூடும். இதுவரை சரி. ஆனால் எக்ஸ் எண்ணி பன்னிரண்டு இதழ்களை எங்கிருந்து எண்ணுகிறது? ஒன்றும் சொல்லாவிட்டால் உங்கள் முதல் இதழிலிருந்து எண்ணும். ஜூலை வரும்போது இதழ் எண் 1க்குத் திரும்பிவிடும், மலர் மட்டும் 12இலேயே நிற்கும். 'மலர் 12, இதழ் 1' என்று ஓர் ஆண்டுக்கு முன் வந்துபோன இதழை மறுபடி எதிர்பார்க்கும். இதைத் தடுக்கத்தான் 'இன்னர் கவுண்டர்' என்ற கட்டம் இருக்கிறது. இந்த மலரில் நமக்கு முன்னால் ஏற்கெனவே ஆறு இதழ்கள் போய்விட்டன என்று சொல்ல எக்ஸுக்கு நேரே 6 போடுங்கள். அடுத்த ஜூலையில் மலர் 13 ஆகிவிடும். நடு ஆண்டில் தொடங்கும் சந்தாக்களில் நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டதால் வந்தவை.

எல்லாம் போட்டதும் 'டெஸ்ட் பிரெடிக்ஷன் பேட்டர்ன்' பொத்தானை அழுத்துங்கள். இனி வரப்போகும் இதழ்களின் எண்ணும் தேதியும் வரிசையாகத் தெரியும். அதைப் பார்க்காமல் சேமிக்கவே கூடாது. மலர் மாறும் இடம் வரை கண்ணை ஓட்டுங்கள். ஏதாவது ஒரு மாதம் இதழ் வராது என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்த வரியில் 'வெளியாகவில்லை' என்று குறியிடவும் அங்கேயே வசதி உண்டு. ஐந்து நிமிட வேலை, ஓர் ஆண்டுத் தலைவலி மிச்சம்.

இதழ் வந்து சேரும்போது என்ன செய்வது என்பது அடுத்தது. சந்தாவைத் திறந்தால் 'எக்ஸ்பெக்டட்' என்ற நிலையில் ஒரு வரி இருக்கும். இதழ் கையில் வந்ததும் அதை 'அரைவ்டு' ஆக்கிச் சேமித்தால், அடுத்த எண் தானாகவே எதிர்பார்ப்பில் வந்து நிற்கும். அட்டையில் உள்ள எண்ணும் திரையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டுச் சேமியுங்கள். இந்த ஒரு பார்வைதான் முழு அமைப்பையும் நேராக வைத்திருக்கிறது.

எண் 5 வராமல் 6 வந்துவிட்டால்? 5ஐ அழித்து 6 என்று திருத்திவிடும் ஆசை வரும். செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் 5 வரவேண்டியிருந்தது என்ற ஒரே சாட்சியும் போய்விடும். 'ஜெனரேட் நெக்ஸ்ட்' அழுத்தினால் 5 'லேட்' நிலைக்குப் போய், 6 எதிர்பார்ப்பில் வரும். 6ஐப் பெற்றதாகக் குறியுங்கள். 5 தன் இடத்திலேயே காத்திருக்கும். பின்னால் வந்தால் அந்த வரியையே மாற்றிக்கொள்ளலாம். வராது என்று உறுதியானால் 'மிஸ்ஸிங்'. பதிப்பாளரே வெளியிடவில்லை என்றால் 'நாட் இஷ்யூடு'. இந்த இரண்டையும் வேறுபடுத்தி வையுங்கள். முதலாவது உங்கள் நஷ்டம், இரண்டாவது யாருடைய குற்றமும் இல்லை. பைண்ட் செய்யும்போதும் சந்தாவைப் புதுப்பிக்கும்போதும் இந்த வேறுபாடு பேசும்.

இரண்டு எண்களைச் சேர்த்து ஒரே இதழாக '7-8' என்று வெளியிட்டால், 7இன் வரியில் எண்ணை '7-8' என்று திருத்திப் பெற்றதாகக் குறியுங்கள், அடுத்து வரும் 8ஐ 'நாட் இஷ்யூடு' ஆக்குங்கள். சிறப்பிதழும் இணைப்பும் வந்தால் அவற்றைத் துணை இதழாகச் சேர்க்கலாம், எண் வரிசை கெடாது. தேதிக்குப் பதிலாக 'கோடை இதழ்' என்று மட்டும் அச்சிட்டிருந்தால், வெளியீட்டுத் தேதியை எழுத்தாக எழுதவும் தனிக் கட்டம் இருக்கிறது.

'லேட்' என்ற நிலை தானாக வருவதற்கு சர்வரில் 'சீரியல்ஸ்அப்டேட்' என்ற நிரல் இரவுதோறும் ஓட வேண்டும். காலம் கடந்தவற்றை அதுதான் தாமதம் என்று குறித்து அடுத்த எண்ணை எதிர்பார்ப்பில் வைக்கும். உங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் அது ஓடுகிறதா என்று கேளுங்கள். ஓடாவிட்டால் அந்த வேலை தானாக நடக்காது, வராத இதழ் உங்கள் கண்ணுக்குத் தப்பிவிடலாம்.

தாமதமானதைக் கேட்டு எழுதுவதைத்தான் கிளெய்ம் என்கிறோம். கோஹாவிலிருந்தே முகவருக்கு மின்னஞ்சல் போகும். ஆனால் போவதற்கு இரண்டு முன்வேலை உண்டு. முகவரின் பதிவில் ஒரு தொடர்பு நபரைச் சேர்த்து, அவருடைய மின்னஞ்சலோடு, தாமத இதழ்கள் குறித்து இவரைத் தொடர்புகொள்ளலாம் என்ற கட்டத்தில் குறியிட வேண்டும். அப்புறம், அறிவிப்புகள் பகுதியில் கிளெய்முக்கான ஒரு கடித வார்ப்பை எழுதி வைக்க வேண்டும். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் கடிதம் போகாது. கடிதம் போனதும் எத்தனை முறை கேட்டோம், கடைசியாக எப்போது கேட்டோம் என்பது பதிவாகிவிடும். வாரத்தில் ஒரு நாளை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பாளர்கள் கிளெய்முக்குக் காலவரம்பு வைக்கிறார்கள், இரண்டு மூன்று மாதம் என்பது சாதாரணம். அந்த வரம்பைச் சந்தாவின் உள்குறிப்பில் எழுதி வைத்தால் யார் வேலை பார்த்தாலும் தெரியும்.

சந்தா முடிவுக்கு 'செக் எக்ஸ்பிரேஷன்' என்ற பக்கம் இருக்கிறது. ஒரு தேதியைக் கொடுத்தால் அதற்குள் முடியும் சந்தாக்களையெல்லாம் காட்டும். ஜனவரி முதல் டிசம்பர் வரை ஓடும் சந்தாக்களுக்கு நான் ஆகஸ்டிலேயே இந்தப் பட்டியலை எடுப்பேன். ஒப்புதல் வாங்கி, பணம் போய், முகவர் பதிப்பாளரிடம் சேர்த்து, இதழ் நின்றுபோகாமல் வருவதற்கு அவ்வளவு காலம் பிடிக்கிறது. புதுப்பிக்கும்போது பழைய சந்தாவையே புதுப்பியுங்கள், புதிதாக ஒன்று தொடங்காதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிய சந்தா தொடங்கினால் ஓர் இதழின் வரலாறு பத்துத் துண்டாகக் கிடக்கும்.

எதைப் புதுப்பிப்பது, எதை நிறுத்துவது என்று முடிவெடுக்க வாசிப்புக் கணக்கு வேண்டும். இதழ்கள் பெரும்பாலும் இரவல் போவதில்லை, மேசையிலேயே வாசிக்கப்படுகின்றன. அதற்கு ஒரு வழி உண்டு. கோஹாவில் 'ரெக்கார்டு லோக்கல் யூஸ் ஆன் ரிட்டர்ன்' என்ற அமைப்பை இயக்கிவிட்டு, மாலையில் மேசையில் கிடக்கும் இதழ்களைத் திரும்பப்பெறும் திரையில் ஸ்கேன் செய்துவிட்டு அடுக்கில் வையுங்கள். இரவல் போகாத இதழானால் அது உள்வாசிப்பு என்று பதிவாகும். வாசகர்களிடம் இதழ்களை எடுத்த இடத்தில் வைக்க வேண்டாம், மேசையிலேயே விடுங்கள் என்று சொன்னால்தான் கணக்கு சரியாக வரும். ஓர் ஆண்டு முடிந்ததும் சந்தாத் தொகையை வாசிப்பு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் நிறுத்தாதீர்கள். ஆண்டுக்கு நான்கே பேர் வாசிக்கும் ஓர் ஆய்விதழ், அந்த நான்கு பேருக்கு வேறெங்கும் கிடைக்காததாக இருக்கலாம். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

புதிய இதழ் பார்வைக்கு மட்டும், பழையது இரவலுக்கு என்று வைத்திருந்தால், 'மேக் பிரீவியஸ் சீரியல் அவைலபிள்' என்ற அமைப்பு உதவும். புதியது வந்ததும் முந்தைய எண்ணின் உருப்படி வகை தானாக மாறிவிடும். ஆசிரியர்களுக்கு வரிசையாகச் சுற்றுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தால் 'ரவுட்டிங் லிஸ்ட்' இருக்கிறது. பெயர்களை வரிசைப்படுத்தி, சீட்டை அச்சிட்டு இதழோடு இணைத்து அனுப்பலாம்.

பைண்டிங் முடிந்ததும் மென்பொருளிலும் பைண்ட் செய்ய வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பன்னிரண்டு தனி உருப்படிகள் இப்போது ஒரே கட்டு. தனி உருப்படிகளை நீக்கி, கட்டுக்கு ஒரே பார்கோடோடு ஓர் உருப்படி உருவாக்குங்கள். 952 புலத்தின் 'எச்' துணைப்புலத்தில் 'மலர் 12 (2023-24)' என்று எழுதுங்கள். இதழ்கள் வந்த வரலாறு சந்தாவில் அப்படியே இருக்கும், அதைத் தொட வேண்டாம். நூற்பதிவில் 866 புலத்தில் கைவச விவரத்தை வாசகருக்குப் புரியும்படி எழுதுங்கள்: எந்த மலரிலிருந்து எது வரை இருக்கிறது, நடுவில் எது இல்லை. இல்லாததை எழுதுவது முக்கியம். வாசகர் அதைத் தேடி வெளியூரிலிருந்து வந்து ஏமாறாமல் இருப்பார்.

இதழின் பெயர் மாறினால், பெயரின் தொடக்கச் சொற்களே மாறும் பெரிய மாற்றமென்றால் புதிய ஐஎஸ்எஸ்என் வரும். அப்போது பழைய பதிவில் 785, புதிய பதிவில் 780 என்று இரண்டையும் இணைத்து, பழைய சந்தாவை மூடி, புதியது தொடங்குங்கள். அட்டை வடிவம் மாறி, பெயர் கொஞ்சம் வேறு மாதிரித் தெரிந்தால் 246 புலத்தில் ஒரு மாற்றுத் தலைப்பு போதும்.

முகவரைப் பற்றி ஒன்று. எல்லா விவரத்தையும் முகவரின் தளத்திலேயே விட்டுவைக்காதீர்கள். 2014 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஸ்வெட்ஸ் நிறுவனம் திவாலானது; அதற்கு முன் 2003இல் அமெரிக்காவின் ரோகாம். இரண்டுமே பெரிய சந்தா முகவர்கள். நூலகங்கள் முன்பணம் கட்டியிருந்தன, பதிப்பாளர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. எந்த இதழுக்கு எவ்வளவு, எந்தத் தேதி வரை, பதிப்பாளரின் சந்தாதாரர் எண் என்ன என்பது உங்கள் மென்பொருளிலேயே இருந்தால், அப்படி ஒரு நாள் வந்தாலும் பதிப்பாளரிடம் நேராகப் பேச முடியும்.

மின்னிதழ்களை இந்த அமைப்புக்குள் திணிக்க வேண்டாம். அங்கே தாமதமாவது இதழ் கிடையாது, அறுந்துபோவது அணுக்கம், அதாவது திறந்து படிக்கும் வசதி. அதற்கு உரிம விதிகளும், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை திறந்திருக்கிறது என்பதும், சந்தாவை நிறுத்தினால் பழையது கிடைக்குமா என்பதும்தான் முக்கியம். கோஹாவில் 22.11 பதிப்பிலிருந்து இதற்கென்று மின்வள நிர்வாகப் பகுதி தனியாக இருக்கிறது. பயன்பாட்டுக் கணக்குக்குப் பதிப்பாளர்கள் 'கவுண்டர்' தரநிலையில் அறிக்கை தருகிறார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே ஏற்றிவிட்ட நூற்றுக்கணக்கான தனிப்பதிவுகள். அவற்றை அழிக்க வேண்டாம், ஒன்றாக இணைக்கலாம். ஆனால் வரிசை முக்கியம். இப்போது எது எந்த இதழ் என்ற விவரம் உங்கள் பதிவுகளின் தலைப்பில்தான் இருக்கிறது, உருப்படியில் இல்லை. அப்படியே இணைத்தால் தலைப்புகள் போய்விடும். ஒரே பதிவின் கீழ் பெயரில்லாத நூறு பார்கோடுகள் நிற்கும், எது எந்த எண் என்று அடுக்குக்குப் போய் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே முதலில் தரவுத்தளத்தை முழுதாகப் பிரதி எடுங்கள். அடுத்து, ஒவ்வோர் உருப்படியிலும் 952இன் 'எச்' துணைப்புலத்தில் மலர், இதழ் எண்ணை நிரப்புங்கள். அதன்பிறகு, சரியாக அமைத்த ஒரு தொடர்பதிவை உருவாக்கி, பழையவற்றைத் தேடல் பக்கத்தில் தேர்ந்தெடுத்து 'மெர்ஜ்' செய்யுங்கள். உருப்படிகள் புதிய பதிவுக்கு வந்து சேரும். ஒன்றிரண்டு தவறினால் 'அட்டாச் ஐட்டம்' மூலம் பார்கோடைக் கொடுத்து இழுத்துக்கொள்ளலாம்.

60 இதழ்களையும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். ஒரு வார இதழ், ஒரு மாத இதழ், ஒரு காலாண்டிதழ், அடிக்கடி தாமதமாகும் ஒன்று, நடு ஆண்டில் மலர் மாறும் ஒன்று என ஐந்தை எடுத்து மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். பழைய சந்தாக்களுக்குப் பின்னோக்கி எல்லா இதழையும் ஒவ்வொன்றாகப் பெற்றதாகக் குறிக்க வேண்டியதில்லை. பழைய வரவுகளையும் இல்லாதவற்றையும் 'மேனுவல் ஹிஸ்டரி' பகுதியில் ஒரே பத்தியாக எழுதிவிட்டு, அடுத்து வரப்போகும் இதழிலிருந்து தொடங்குங்கள். நோட்டையும் எக்செல் தாளையும் அந்த மூன்று மாதம் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். தாமதப் பட்டியல் இரண்டிலும் ஒன்றாக வரத் தொடங்கியதும் நோட்டை மூடிவிட்டு, மீதி 55 இதழ்களுக்குப் போகலாம்.